நான்கு பள்ளிகள், மூன்று மொழிகள்: துங்குவின் மாணவப் பருவம்

மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மெர்டேக்கா அரங்கில் கையை உயர்த்தி நிற்கும் படத்தைப் பாடநூலில் பார்க்காத மாணவர் இருக்க மாட்டார். அந்த மேடையை அடையும் முன் அவர் மாறிய பள்ளிகளையும் அவற்றில் பழகிய மொழிகளையும் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

துங்கு 1903 பிப்ரவரி 8-ஆம் நாள் அலோர் ஸ்டாரில் பிறந்தார். தந்தை, கெடா சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா. தாயார் சே மெஞ்சலாரா, சயாம் நாட்டு அதிகாரி ஒருவரின் மகள். அப்போது கெடா சயாமின் மேலாட்சியின் கீழ் இருந்தது. அரண்மனைக்கும் பேங்காக்கிற்கும் உறவு நெருக்கம். எனவே சிறுவன் துங்கு வீட்டில் பேசியது சயாமிய மொழி.

1909-இல் அலோர் ஸ்டாரில் உள்ள மலாய்ப்பள்ளியில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் பிரிட்டனும் சயாமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குக் கைமாறியது. ஆட்சி மாறியதும் ஆங்கிலத்தின் தேவை கூடியது. வீட்டில் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் அமர்த்தப்பட்டார். பிறகு அரசாங்க ஆங்கிலப் பள்ளிக்கு மாறினார். இன்று சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரி எனப்படுவது அதுவே. பகலில் ஆங்கிலம், மாலையில் குர்ஆன் ஓதுதல் என்று நாள்கள் கழிந்தன.

சில ஆண்டுகளில் சகோதரர்களுடன் பேங்காக்கிலுள்ள தெப்சிரின் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். தாய்மொழியாகப் பேசிய சயாமியம் அங்கே பாடமொழியானது. 1915-இல் ஊர் திரும்பி பினாங்கு ஃபிரீ பள்ளியில் சேர்ந்தபோது மீண்டும் ஆங்கிலம். ஒவ்வொரு பள்ளி மாற்றத்தின்போதும் பாடமொழியும் மாறியது.

கெடா அரசின் உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே நிறவேற்றுமையின் கசப்பை நேரில் கண்டார். 1925-இல் பட்டம் பெற்றாலும் சட்டத் தேர்வு எளிதில் கைகூடவில்லை. 1931-இல் கெடா அரசுப் பணியில் சேர்ந்தார். கூலிம், பாடாங் தெராப், லங்காவி, சுங்கை பட்டாணி ஆகிய இடங்களில் பணியாற்றினார். போருக்குப் பின் மறுபடியும் இங்கிலாந்து சென்று, 1949-இல் தமது 46-ஆவது வயதில் வழக்கறிஞரானார்.

கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்கள் ரப்பர் தோட்டங்கள் நிறைந்தவை. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் தோட்டத்தின் சிறு பள்ளியில் தமிழில் படித்தனர். மேற்கொண்டு படிக்க விரும்பினால் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும். பெரும்பாலோருக்கு அது எட்டாத தூரம். பள்ளி மாறினால் மொழி மாறும் என்பதில் இளவரசருக்கும் தோட்டப் பிள்ளைக்கும் ஒற்றுமை உண்டு. ஆனால் இளவரசருக்கு வீட்டுக்கே ஆசிரியர் வந்தார். தோட்டப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

இந்த இடைவெளியை நாடு எப்படிக் கையாள்வது என்ற கேள்வி துங்குவின் ஆட்சியில் எழுந்தது. 1955 தேர்தலில் அவர் தலைமையிலான கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் சின் பெங்குடன் அவர் நடத்திய அமைதிப் பேச்சும் கெடாவில், பாலிங் ஆங்கிலப் பள்ளிக் கட்டடத்தில்தான் நடந்தது. 1956-இல் கல்வி அமைச்சர் அப்துல் ரசாக்கின் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் தொடக்கப்பள்ளிகள் இயங்கலாம். பாடத்திட்டம் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறைக்குள் இடம்பெற்றது.

எனினும் அந்த இடம் தொடக்கக் கல்வியோடு நின்றது. 1961-ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, அரசு உதவி பெறும் இடைநிலைப்பள்ளிகளின் பயிற்றுமொழி மலாய் அல்லது ஆங்கிலமே. தமிழ்ப்பள்ளி முடித்தவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படித்தே முதலாம் படிவத்தில் நுழைய முடிந்தது. மறுபுறம், 1967-இல் வந்த தேசிய மொழிச் சட்டம் பிற மொழிகளுக்கு அளவுக்கு மீறி விட்டுக்கொடுக்கிறது என்று மலாய்த் தரப்பிலிருந்தும் துங்கு கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். இரு தரப்புக்கும் குறை இருந்தது. ஆயினும் தமிழ்ப்பள்ளிகள் நிலைத்தன.

1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டைத் தொடக்கி வைத்தவரும் துங்குவே. தமிழ் ஆய்வாளர்கள் உலக அளவில் கூடிய முதல் மாநாடு மலேசிய மண்ணில் நடந்தது நமக்குப் பெருமை.

1970-இல் பதவி விலகிய துங்கு, 1990 டிசம்பர் 6-ஆம் நாள் காலமானார். அலோர் ஸ்டாருக்கு அருகே லங்கார் அரச கல்லறையில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தாயின் மொழியும் தந்தை நாட்டின் மொழியும் வேறாக இருந்த ஒரு பிள்ளை, மூன்றாவதாக ஓர் உலகமொழியையும் கற்றுத் தேறினார். இன்று கெடாவின் தமிழ்ப்பள்ளி மாணவரும் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளைச் சுமக்கிறார். சுமை ஒன்றுதான், துங்குவுக்குக் கிடைத்த ஆசிரியரும் உபகாரச் சம்பளமும் எத்தனை மாணவர்களுக்குக் கிடைக்கின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.