கால் நாளமும் மானிப்பாய் வைத்தியரும்

உடப்பில் கரைவலை இழுப்பவர்கள் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே நாளங்கள் கொடிபோல் புடைத்திருக்கும். கற்பிட்டிப் பக்கம் கருவாட்டு வாடிகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களிடமும் இதைக் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலர் 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நரம்பு சுருண்டுவிட்டது என்று சொல்வார்கள். அது நரம்பல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்.

கணுக்காலில் ஆறாத புண்ணோடு ஒரு தாய் தன் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். முழுக்க ஆங்கிலம். சீஆர்பி, டி-டைமர் என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே பேனாக் கோடு. அதன் அர்த்தத்தை அவருக்கு யாரும் தமிழில் சொல்லியிருக்கவில்லை. இந்த இடத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டு மானிப்பாய். மதம் பரப்பவே வந்தவர். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தமிழைப் படித்த பிறகு அவர் பிடித்த பிடிவாதம் வேறு. நோயாளியின் மொழியிலேயே வைத்தியம் கற்பிக்கப்பட வேண்டும் என்று நின்றார். படித்து முடித்ததும் மாணவர்கள் வெள்ளைக்காரரைப் போல உடுத்துவது அவருக்குப் பிடிக்காது.

அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் 60க்கும் மேல். 1864 முதல் வகுப்புகள் தமிழில் நடந்தன. மாணவர்களும் அவரும் சேர்ந்து நூல்களைப் பெயர்த்தார்கள்: 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்'. ஒரு சொல்லை முதலில் தமிழில் தேடுவார், இல்லையென்றால் சமஸ்கிருதத்தில், அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் உச்சரிப்புக்கு இழுத்துவிடுவார். 'கெமிஸ்தம்' அப்படிப் பிறந்ததுதான். இன்று படிக்கக் கரடுமுரடாக இருக்கிறது, உண்மை. ஆனாலும் அன்று ஒரு மாணவனால் கற்றதை நோயாளியிடம் திருப்பிச் சொல்ல முடிந்தது.

அந்தத் தாளையும் அப்படிச் சொல்லிப் பார்க்கலாம். கால் நாளங்களில் இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் உண்டு. அவை பழுதானால் இரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் ஏறி, நாளச் சுவரில் அழற்சி தொடங்கும். வைத்தியர்கள் நோயை 0 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். புடைத்த நாளம் 2, வீக்கம் 3, தோல் கறுத்துத் தடித்தால் 4, ஆறிய புண் 5, ஆறாத புண் 6. சீஆர்பி உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும். டி-டைமர், உறைந்த இரத்தம் கரையும்போது உண்டாகும் துணுக்கு. நோய் முற்றும்போது இவை உயர்கின்றனவா என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் வேறு கிருமித்தொற்று வந்தாலும் இரண்டும் உயரும். ஆகவே தாளை மட்டும் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. காலைப் பார்க்க வேண்டும், டொப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆறாத புண்ணுக்கு, நாடிகளில் இரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகு இறுக்கிச் சுற்றும் கட்டுத்தான் இன்றும் முதல் வைத்தியம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பாடசாலை தொடங்கியது, ஆங்கிலத்தில். உத்தியோகம் அந்தப் பக்கம் போனது, பிள்ளைகளும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ் இன்று அரச கரும மொழி. ஆனால் அந்தத் தாயின் தாளில் அதில் ஒரு வரி இல்லை.

கிறீன் 1873இல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். வூஸ்டரிலிருந்தும் தமிழ் மருத்துவ நூல் வேலையை விடவில்லை. உடலின் இயக்கத்தை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28ஆம் திகதி இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்று அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில்.