தோல்வியிற் பிறந்த வெற்றி: ஜோர்ஜ் டி ஹெவெசி

ஆய்வுகூடத்திற் பரிசோதனை பிழைத்துவிட்டதென்று மனஞ் சோர்ந்து நிற்கும் மாணவரை நாம் கண்டிருக்கின்றோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு நின்றவர்களே. அத்தகையோர் அறியவேண்டிய வரலாறு, இரசாயன அறிஞர் ஜோர்ஜ் டி ஹெவெசியினுடையது.

ஹெவெசி 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி புடாபெஸ்ற் நகரிற் பிறந்தார். 1911இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்ரரில் பேரறிஞர் றதபோட்டின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். ஈயத்திற் கலந்திருந்த ரேடியம்-டி என்னுங் கதிர்வீசும் பொருளைப் பிரித்தெடுக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பல முறைகளைக் கையாண்டும் அவராற் பிரிக்க முடியவில்லை. அப்பொருள் ஈயத்தின் ஒரு சமதானியே என்பது பின்னரே தெளிவாயிற்று. ஹெவெசியோ அத்தோல்வியையே கருவியாக்கினார். ஈயத்தை விட்டுப் பிரியாத பொருள், ஈயஞ் செல்லுமிடமெல்லாம் தன் கதிரால் வழிகாட்டுமன்றோ? 1913இல் வியன்னாவிற் பானெத் என்பாருடன் இதனைச் செய்து காட்டினார். சுவடுகாட்டி முறை இவ்வாறு பிறந்தது. 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெற் பரிசை அவருக்கு ஈட்டித் தந்ததும் இதுவே.

பிரியாத பொருள்கள் மீண்டும் அவரை எதிர்கொண்டன. அருமண் மூலகங்கள் உடன்பிறந்தார் போல் ஒன்றையொன்று ஒத்தவை. இரசாயன முறையால் அவற்றைப் பிரித்தல் பெரும்பாடு. 1936இல் கோப்பன்ஹேகனில் ஹெவெசியும் ஹில்டே லெவி அம்மையாரும் அவற்றை நியூத்திரன்களுக்கு இலக்காக்கினர். டிஸ்புரோசியம் மிகுந்த கதிர்வீச்சுப் பெற்றது. அது ஏறக்குறைய 2.3 மணித்தியாலத்திற் பாதியாகக் குறைந்தது. இற்றியத்திற் கலந்திருந்த டிஸ்புரோசியத்தின் அளவை, அதனைப் பிரிக்காமலே இக்கதிர்வீச்சினால் அளந்தனர். நியூத்திரன் ஏவற் பகுப்பின் தொடக்கம் இதுவாகும்.

பின்னர் ஆராய்ச்சி அணு உலைகள் எழுந்தன, நியூத்திரன்கள் பெருகின. அவற்றோடு ஒரு புதிய கேள்வியும் எழுந்தது. உலையின் நீரிலே மோதி மோதி வேகந் தணியும் நியூத்திரன்கள், அந்நீரின் வெப்பநிலைக்கு ஏறக்குறைய இசைந்த வேகத்தை அடைகின்றன. 20 பாகை சதமவளவையில் அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2200 மீற்றர். நீர் சூடேறினால் வேகமுங் கூடும். வேகங் கூடினால், பெரும்பாலான அணுக்கருக்கள் நியூத்திரனைக் கவர்வது ஒரே விகிதத்திற் குறையும். ஆதலால் மாதிரியையும் நியமப் பொருளையும் ஒப்பிடுகையிற் பிழை நீங்கும். ஆனால் லுற்றீசியம்-176 இவ்விதிக்கு அடங்காது. வெப்பநிலை ஏற ஏற அதன் கவர்ச்சி கூடுகின்றது. வெப்பநிலையைக் கருதாது விட்டால், பாறையொன்றிலுள்ள லுற்றீசியத்தின் அளவு பிழையாகிவிடும்.

இங்கேயும் குறையே குணமாயிற்று. லுற்றீசியத்தையும் விதிக்கு அடங்கும் வேறொரு மூலகத்தையும் ஒருங்கே உலையில் வைத்து, அவை பெற்ற கதிர்வீச்சுக்களின் விகிதத்தைக் கண்டால், நியூத்திரன் வெப்பநிலை தெரியவரும். இரச வெப்பமானி புகாத இடத்தில் ஓர் அருமண் மூலகமே வெப்பமானியாகின்றது.

ஹெவெசி 1966ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி பிரைபேர்க்கிற் காலமானார். கருதியது கைகூடாதபோது, கைகூடாமைக்குக் காரணம் யாதென்று வினவுதலே அவர் வாழ்வு காட்டும் நெறி. எம் மாணவர், பிழைத்த பரிசோதனையின் குறிப்பைக் கிழித்தெறியாது பேணுவாராக.