அன்னா டிக்கின்சன் அம்மையார்

உலகிற் பெரும்பணி ஆற்றிய சான்றோரின் வரலாறுகளைப் படிக்குங்கால், அவர்தம் முதிர்ந்த பருவத்துப் புகழே நம் கண்முன் முதலில் தோன்றுகின்றது. அவருட் சிலர் மிக்க இளமையிலேயே வாய்திறந்து அநீதியைக் கண்டித்தனர் என்பதையும், அதன் பொருட்டு அவர் கொடுத்த விலையையும் நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. பத்தொன்பது வயது எய்தியும், வகுப்பில் எழுந்து ஒரு வினாக் கேட்கவே கூசுகின்ற நமக்கு, பதின்மூன்றாம் வயதில் ஒரு பெருந்தேசத்தின் பாவத்தை எதிர்த்து எழுதிய பெண்மணியின் சரித்திரம் நாணத்தையும் ஊக்கத்தையும் ஒருங்கே தருவதாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பிலதெல்பியா நகரில், 1842-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28-ஆம் நாள் அன்னா பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையினர். அச்சபையின் ஆராதனையில் ஆடவரேயன்றிப் பெண்டிரும் எழுந்து பேசலாம். தந்தையார் ஒரு வணிகர். அடிமைத்தனத்தை அடியோடு வெறுத்தவர். 1844-ஆம் ஆண்டில், அத்தீமையைக் கண்டித்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்திய பின்னர் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அன்னாவுக்கு வயது இரண்டே. ஐந்து மக்களோடு தனித்து நின்ற தாயார், இல்லத்திலேயே பள்ளி நடத்தியும், பிறருக்கு உணவும் உறையுளும் அளித்துப் பொருள் பெற்றும் அவர்களை வளர்த்தார். வறுமை அவ்வில்லத்தை விட்டு நீங்காதிருந்தது. எனினும், கொள்கையும் நீங்கவில்லை.

அக்காலத்தில் அந்நாட்டின் தென்பகுதியில் ஏறத்தாழ 40 இலட்சம் நீக்ரோவர் ஆடுமாடுகளைப்போல விற்கவும் வாங்கவும் பட்டனர். வடபகுதி மாகாணங்களில் அடிமை முறை இல்லையெனினும், தப்பி ஓடிவந்த அடிமையைப் பிடித்து உடையவனிடம் ஒப்புவித்தல் வேண்டும் என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. ஆதலால், அடிமை வைத்திராத நகரத்தாரும் அக்கொடுமையிற் பங்குகொள்வோர் ஆயினர். அதனைக் கண்டித்துப் பேசுவோர்க்குத் துன்பம் நேர்வதும் உண்டு. கென்டக்கி மாகாணத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அடிமைத்தனத்திற்கு மாறாகக் கடிதம் எழுதினார் என்பதற்காக, கூட்டத்தார் அவர் உடலெங்கும் கீல் பூசி, இறகுகளை ஒட்டி இழிவுபடுத்தினர்.

இச்செய்தி சிறுமி அன்னாவின் உள்ளத்தைத் தீயெனச் சுட்டது. அவர் தாளும் எழுதுகோலும் எடுத்து, அக்கொடுஞ்செயலைக் கண்டித்து ஒரு கட்டுரை வரைந்து, வில்லியம் லாயிட் காரிசன் நடத்திவந்த லிபரேட்டர் என்னும் பத்திரிகைக்கு அனுப்பினார். 1856-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் அது வெளிவந்தது. எழுதியதற்காக ஒருவர் இழிவுபடுத்தப்பட்டார் என்று கேட்ட சிறுமி, தாமும் எழுதியே அதற்கு மறுமொழி கூறினார் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

பதினைந்தாம் வயதில் அவர் குடும்பத்தின் பொருட்டுப் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். 1860-ஆம் ஆண்டு சனவரியில், பெண்களின் உரிமைபற்றிய கூட்டமொன்றில் முதன்முதலாகப் பேசினார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. அடுத்த ஆண்டில் அரசாங்க நாணயச் சாலையில் வேலை பெற்றார். உள்நாட்டுப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், பால்ஸ் பிளஃப் என்னுமிடத்தில் வடவர் தோற்றமைக்குச் சேனாதிபதி மக்கிளெல்லனே பொறுப்பாளி என்றும், அது துரோகமே என்றும் மேடையிற் கூறினார். வேலை போயிற்று. அக்குற்றச்சாட்டு அளவு கடந்ததென்றே நமக்குத் தோன்றுகின்றது. இளமையின் வேகம் சிற்சில வேளைகளில் நீதியின் எல்லையையும் தாண்டிவிடும் என்பதை மறைத்தல் அவருடைய வரலாற்றுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

வேலை இழந்தவரைச் சொற்பொழிவு மேடை ஏற்றுக்கொண்டது. காரிசனின் உதவியால் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஊர்களிற் பேசினார். 1863-ஆம் ஆண்டில், நியூ ஹாம்ப்ஷயர், கனெக்டிகட் மாகாணங்களின் தேர்தல்களிற் குடியரசுக் கட்சிக்காகப் பேசினார். 1864-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16-ஆம் நாள், வாஷிங்டனில் மக்கட் பிரதிநிதிகளின் சபா மண்டபத்தில் அவர் சொற்பொழிவாற்றினார். அம்மண்டபத்தில் அவ்வாறு பேசிய முதற் பெண்மணி அவரே; வயதோ இருபத்தொன்று. குடியரசுத் தலைவர் லிங்கனும் வந்து கேட்டார். தென்னாட்டாரை மன்னிக்கும் அவருடைய கொள்கை மிக மென்மையானது என்று அவர் முன்னிலையிலேயே அன்னா குறை கூறினார். பின்னர் அவரே மீண்டும் தலைவராதல் வேண்டும் என்றும் கூறினார். அன்று திரண்ட பொருள் விடுதலை பெற்ற நீக்ரோவரின் துயர் துடைக்க அளிக்கப்பட்டது.

1865-ஆம் ஆண்டில் போர் முடிந்தது. அடிமைத்தனமும் சட்டத்தால் ஒழிந்தது. அம்மையாரோ ஓயவில்லை. வெள்ளையர்க்கும் நீக்ரோவர்க்கும் இடையே நிகழும் திருமணத்தைப் பொருளாகக் கொண்டு 1868-ஆம் ஆண்டில் ஒரு நாவல் வெளியிட்டார். ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல மக்களின் ஆர்வம் குன்றிற்று. நாடக மேடையேறியும் அவர் வெற்றி காணவில்லை. கையில் பொருள் கரைந்தது. உடல் நலமும் கெட்டது. 1891-ஆம் ஆண்டில், அவர் பித்துக்கொண்டார் என்று கூறி, உடன்பிறந்த தமக்கையாரே அவரைப் பித்தர் விடுதிக்கு அனுப்பினார். ஒரு தேசத்தை எழுப்பிய குரல் பூட்டிய கதவுகளுக்குள் அடங்கியது. ஆயினும், அவர் அங்கிருந்து வெளிவந்து, நீதிமன்றத்தில் வழக்காடித் தம் பெயரை மீட்டுக்கொண்டார். பின்னர் நியூயார்க் மாகாணத்துக் கோஷன் என்னும் ஊரில் நெடுங்காலம் அமைதியாய் வாழ்ந்தார். பதினேழாம் வயதில் அவர் யாருக்காக முதலில் பேசினாரோ அப்பெண்களுக்கு 1920-ஆம் ஆண்டில் வாக்குரிமை கிடைத்ததை அவர் கண்டார். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், தொண்ணூறு வயது நிரம்ப ஆறு நாள் இருக்கையில் மறைந்தார்.

இச்சரித்திரத்தை எண்ணுந்தோறும் ஒரு கேள்வி நம் உள்ளத்தை வருத்துகின்றது. அன்று மண்டபங்களில் நெருங்கி நின்ற மக்கள், அடிமையின் துயரைக் கேட்கச் சென்றனரா, அன்றி ஓர் இளம்பெண் பேசும் புதுமையைக் காணச் சென்றனரா? புதுமையைக் காணச் சென்றவர் அப்புதுமை தீர்ந்ததும் அகன்றனர். சிறுவர் பேசும்பொழுது அவர்தம் வயதை வியந்து கைதட்டுதல் எளிது. அவர் கூறும் பொருளைச் சீர்தூக்கி, அது மெய்யாயின் நம் வாழ்வைத் திருத்திக்கொள்ளுதல் அரிது. கல்லூரியில் நம்மினும் இளையார் எழுந்து ஒரு குறையை எடுத்துரைக்கும் வேளையில், நாம் அரியதனையே செய்வோமாக. நாமும் நம் கண்ணெதிரே நிகழும் அநீதியைக் குறித்து வாய்திறக்க, வயது முதிரட்டும் என்று காத்திராதிருப்போமாக.