பொம்மை ரயில் தந்த பிராங்க் ஹார்ன்பி

கரிசல் மண்ணில் வளரும் நமக்கு ரயில் புதிதன்று. மதுரைக்கும் நெல்லைக்கும் இடையே ஓடும் வண்டிகள் நம் கோவில்பட்டியில் நின்று போவதைச் சிறு வயது முதலே பார்த்து வருகிறோம். ஆனால் நாம் முதன்முதலில் ஓட்டிய ரயில் இரும்பால் ஆனதன்று; தீப்பெட்டி ரயில்! தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊரல்லவா? காலிப் பெட்டிகளை நூலில் கோத்து, சோடா மூடிகளைச் சக்கரமாக்கி, திண்ணையிலிருந்து அடுப்படி வரை இழுத்துச் சென்றோம். நூல்கண்டுக் கட்டையை மேலே ஒட்டினால் புகைபோக்கியும் தயார்.

இப்படிப்பட்ட ஒரு விளையாட்டைத் தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, உலகம் அறிந்த பொம்மை ரயில் ஒன்றுக்குத் தம் பெயரையே விட்டுச் சென்றவர் ஒருவர் உண்டு. அவரே பிராங்க் ஹார்ன்பி. அவருடைய வாழ்க்கையைத் தோழியர்க்குச் சொல்ல விழைகிறோம்.

ஹார்ன்பி 1863-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய தந்தை உணவுப்பொருள் வணிகர். ஹார்ன்பி பதினாறு வயதில் பள்ளியை விட்டு நீங்கித் தந்தையின் கடையிலே காசாளராக அமர்ந்தார். 1887-இல் கிளாரா என்னும் பள்ளி ஆசிரியையை மணந்தார். 1899-இல் தந்தை மறைந்ததும் கடையும் மூடப்பட்டது. பிறகு, இறைச்சி இறக்குமதி செய்யும் எலியட் என்பவரிடம் கணக்கராக வேலைக்குச் சேர்ந்தார். பொறியியல் கல்லூரியின் வாசலையும் மிதிக்காதவர் அவர்.

மாலை நேரங்களில் வீட்டுப் பட்டறையில் உலோகத் தகடுகளை வெட்டித் தம் மகன்களுக்குப் பாலங்களும் பளுதூக்கிகளும் செய்து கொடுத்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் புதிய துண்டுகள் வெட்டவேண்டியிருந்தது. ஒருமுறை ரயிலில் பயணம் செய்கையில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்ததாகக் கூறுவர். எல்லாத் துண்டுகளிலும் அரை அங்குல இடைவெளியில் ஒரே சீராகத் துளையிட்டு, திருகாணியால் முடுக்கினால் என்ன? இன்று பாலமாக இருப்பதைக் கழற்றி நாளை வண்டியாக மாற்றிவிடலாமே!

எண்ணம் எளியது, ஆனால் காப்புரிமை பெறக் கையில் பணம் இல்லை. முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுன் கடன் வாங்கி, 1901-இல் காப்புரிமை பெற்றார். எலியட்டும் பின்னர் அவருக்குக் கூட்டாளியானார். லிவர்பூலில் பொறியியல் பேராசிரியராயிருந்த ஹீல்-ஷா இந்தப் பொம்மையைப் பாராட்டி நற்சான்று அளித்தார். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் ஆதாயம் இல்லை. ஹார்ன்பி மனம் தளரவில்லை. 1907-இல் அந்தப் பொம்மைக்கு மெக்கானோ என்று பெயரிட்டார். மறு ஆண்டு நிறுவனம் அமைத்தார். 1914-இல் லிவர்பூல் பின்ஸ் சாலையில் பெரிய ஆலை எழுந்தது. இன்று நம் நாட்டில் மெக்கானிக்ஸ் என்ற பெயரில் விற்கும் பெட்டிகளும் துளைத் தகடும் திருகாணியும் கொண்டவையே.

அந்தக் காலத்தில் பொம்மை ரயில் என்றால் ஜெர்மனிதான். நியூரம்பர்க் நகரின் பிங் நிறுவனமும், மெர்க்லின் நிறுவனமும் உலகுக்கே பொம்மை ரயில் அனுப்பின. முதல் உலகப்போர் அந்த வணிகத்தை நிறுத்தியது. போர் முடிந்தபின், 1920-இல், ஹார்ன்பி தம் பெயரிலேயே ரயிலை வெளியிட்டார். சாவி முடுக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும். விட்டால் வண்டி ஓடும். தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர். முதல் வண்டிகளை மெக்கானோவைப் போலவே கழற்றிப் பூட்டலாம். 1925-இல் மின்சார ரயிலும் வந்தது. அது வீட்டு மின்சாரத்தில் ஓடியதால் ஆபத்து என்று உணர்ந்து, பின்னர் குறைந்த அழுத்தத்துக்கு மாற்றினார்கள்.

ஹார்ன்பி 1931 முதல் 1935 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1936 செப்டம்பர் 21-இல் மறைந்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில், 1938-இல், மெய்யான வண்டியில் 76-இல் ஒரு பங்கு அளவுள்ள ஹார்ன்பி டப்ளோ ரயில் வந்தது. நம் பழைய வகை ரயில் பெட்டி ஒன்று சுமார் 21 மீட்டர் நீளம். அதை அந்த அளவில் சுருக்கினால் நம் அடிமட்டத்தை விடச் சற்றுக் குறைவாக இருக்கும்!

பொம்மை நிறுவனங்களுக்கும் மேடு பள்ளம் உண்டு. பிங் நிறுவனம் 1930-களின் தொடக்கத்திலேயே நொடித்துப்போனது. மெக்கானோ நிறுவனம் 1964-இல் கைமாறியது; பின்ஸ் சாலை ஆலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. ஆனால் ஹார்ன்பி ரயில் நிற்கவில்லை. அதன் தொழில் மார்கேட் நகருக்குச் சென்றது. 1990-களில் உற்பத்தி சீனாவுக்கு மாறியது. இத்தாலியின் லிமா நிறுவனம் நொடித்தபோது, 2004-இல் அதை ஹார்ன்பி நிறுவனமே வாங்கியது. 2022-இல் 120-இல் ஒரு பங்கு அளவில் புதிய வரிசையும் வெளிவந்தது. ஆலை போயிற்று, பெயர் ஓடுகிறது.

இவ்வளவு படித்தபின் எங்களுக்கு ஒரு குறை தோன்றிற்று. அதை மறைக்க விரும்பவில்லை. மெக்கானோ விளம்பரங்கள் பையன்களையே அழைத்தன. பெட்டியின் மேலுறைப் படத்திலும் பையன்களே இருந்தார்கள். ஆனால் பின்ஸ் சாலை ஆலையில் வண்ணம் பூசியும் பெட்டியில் அடுக்கியும் உழைத்தவர்களில் ஏராளமானோர் பெண்கள். நம் ஊர்த் தீப்பெட்டி ஆலைகளிலும் குச்சி அடைப்பவர்கள் நம் அம்மாக்களும் அக்காமார்களும்தாமே? செய்கிற கை பெண்ணுடையது. விளையாடவும் புதிதாகப் புனையவும் மட்டும் பையனுக்கு உரியதா? ஹார்ன்பி துளையிட்ட தகட்டுக்கு அந்த வேற்றுமை தெரியாது. திருகாணியை யார் முடுக்கினாலும் அது இறுகும்.

கணக்கர் ஒருவர் ஐந்து பவுன் கடனில் தொடங்கியதைக் கரிசல் நாட்டுப் பெண்களாகிய நாம் தொடங்க முடியாதா? தோழியரே, இந்த விடுமுறையில் தம்பிக்குத் தீப்பெட்டி ரயில் செய்து கொடுக்கும்போது தங்கையையும் பக்கத்தில் அமர்த்திக் கொள்ளுங்கள். சக்கரம் கோக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். சுற்றவில்லையென்றால் ஏன் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.