குடும்பத்தைச் சுமந்த குரல்

பொருளாதாரம் கற்பித்த பழக்கமோ என்னவோ, ஒரு கலைஞரின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவர் மேடையேறிய காலத்தில் வீட்டின் வரவு செலவு எப்படியிருந்தது என்றே முதலில் தேடுகிறேன். லத்தீன் இசைப் பாடகி செலீனா கின்டானியாவின் வாழ்வில் அந்தக் கேள்வியே மையமானது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிக வம்சாவளிக் குடும்பத்தில் 1971-இல் பிறந்தவர் செலீனா. தந்தை ஆபிரகாம் இளமையில் பாடகராக இருந்தவர். மகளின் குரல்வளத்தை உணர்ந்து, மகனையும் மூத்த மகளையும் வாத்தியக் கலைஞர்களாக்கி, ஓர் இசைக்குழுவை அமைத்தார். தாம் நடத்திய உணவகத்தில் அவர்களைப் பாட வைத்தார்.

1980-களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் தாக்கியது. உணவகம் மூடப்பட்டது, வீடும் கைவிட்டுப் போனது. குடும்பம் கார்பஸ் கிறிஸ்டி நகருக்குக் குடிபெயர்ந்தது. பொழுதுபோக்காக இருந்த பாட்டு பிழைப்பாயிற்று. திருமணங்களிலும் திருவிழாக்களிலும் பாடி, பழைய பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றிய சிறுமி, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அஞ்சல் வழியில் கல்வியை முடித்தார்.

செலீனா பேசி வளர்ந்தது ஆங்கிலம். ஆனால், டெக்சாஸ் மெக்சிகர்களின் தெஹானோ இசைக்குச் சந்தை ஸ்பானிஷ் மொழியில் இருந்தது. பொருள் முழுதும் விளங்காத சொற்களை ஒலியாக மனப்பாடம் செய்து பாடினார். மொழியைப் பிற்பாடுதான் கற்றார். ஆண்கள் கோலோச்சிய அத்துறையில் முதலிடம் பிடித்தார். 1994-இல் கிராமி விருது பெற்றார். 1995 பிப்ரவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 60,000-க்கும் மேற்பட்டோர் முன் பாடினார்.

அடுத்த மாதம் 31-ஆம் நாள், அவருடைய ஆடையகங்களை நிர்வகித்து வந்த பெண், பணக் கையாடல் புகாரால் எழுந்த தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார். அப்போது செலீனாவுக்கு வயது 23. அவர் கனவு கண்ட ஆங்கிலப் பாடல்களும் இடம்பெற்ற இசைத்தொகுப்பு, அவர் மறைந்த பின் ஜூலையில் வெளியாகி அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

குழந்தையின் உழைப்பு வீண்போகாது என்பதற்கு இவ்வாழ்க்கையைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நான் உடன்படவில்லை. வென்ற குழந்தையைத்தான் உலகம் எண்ணுகிறது. அதே போன்ற பேருந்துகளில் சுற்றி, பள்ளியையும் இழந்து, பெயரின்றி வீடு திரும்பிய பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. செலீனாவின் திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. என்றாலும், பெரியவர்களின் கடன் பத்து வயதுக் குரலின் தோளில் ஏறியது ஒரு சமூகத்தின் தோல்வி. அவருக்குக் கிட்டிய புகழ் அத்தோல்வியை நேர்செய்துவிடாது.