சிறுவர்களின் நாடக ஆசான்

தமிழ் நாடக உலகம் தன் தலைமையாசிரியராகப் போற்றும் பெருமகனார் சங்கரதாஸ் சுவாமிகள். இவர் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடிச் சீமையிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையாரிடமும் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். சில காலம் உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றினார். நாடகத்தின்மீது கொண்ட பற்றினால் 24ஆம் வயதில் அப்பணியை விடுத்து மேடை ஏறினார். எமன், இரணியன் முதலிய வேடங்களில் அவர் தோன்றியபோது கண்டோர் நடுங்கினர்.

அக்காலத்தில் நடிகர் பலர் மேடையில் தம் மனம்போனவாறு பேசினர். கதையை மறந்து ஒருவரோடொருவர் வாதிட்டனர். இதனால் நாடகம் சீர்குலைவதைக் கண்டு சுவாமிகள் வருந்தினார். எழுதிய உரையை எழுதியவாறே பேசும் நடிகர்களை உருவாக்க விரும்பினார். அதற்குச் சிறுவர்களே ஏற்றவர்கள் எனத் தெளிந்தார்.

1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. சுவாமிகள் அதன் ஆசிரியரானார். அங்குச் சேர்ந்த தி. க. சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு! அவருடைய அண்ணன்மாரும் உடன் சேர்ந்தனர். ஊர் ஊராகச் சென்ற அச்சிறுவர்களுக்குச் சபையே வீடு, சபையே பள்ளி. அரசன், அரசி, முனிவர், வேடன் என எல்லா வேடங்களையும் அவர்களே ஏற்றனர். சுவாமிகள் தம் நாடகங்களில் திருக்குறள் முதலிய நூல்களின் கருத்துகளை இழைத்து எழுதினார். ஆதலால் வசனத்தை மனப்பாடம் செய்த சிறுவர்கள், நல்ல தமிழையும் உடன் கற்றனர்.

சிறுவன் சண்முகம் முதன்மை வேடம் ஏற்பதற்கென்றே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை இயற்றினார். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அதனை ஒரே இரவில் எழுதி முடித்தார். சிறுவர்தாமே என்று எண்ணி அவர் எதனையும் எளிதாக்கித் தரவில்லை. அவர்களால் இயலும் என நம்பினார். அந்நம்பிக்கையைச் சிறுவர்களும் காத்தனர்.

இறுதிக் காலத்தில் சுவாமிகளை வாதநோய் தாக்கியது; பேசும் ஆற்றல் குன்றியது. எனினும் அவர் எழுதிய சொற்கள் மாணவர்களின் நாவில் வாழ்ந்தன. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அவருடைய மாணவர் சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து, 'ஔவை' சண்முகம் எனப் புகழ்பெற்றார். தம் ஆசானின் வரலாற்றையும் எழுதிவைத்தார்.

சொற்பொருள்
ஆசான் – ஆசிரியர்
உப்பளம் – உப்பு விளைவிக்கும் இடம்
குன்றியது – குறைந்தது

வினாக்கள்
1. சுவாமிகள் நாடகத்திற்குச் சிறுவர்களைத் தேர்ந்தது ஏன்?
2. நாடகம் பயின்ற சிறுவர்கள் நல்ல தமிழை எவ்வாறு கற்றனர்?
3. நீ ஏற்க விரும்பும் நாடக வேடம் எது? ஐந்து தொடர்களில் எழுதுக.