உடம்பின் ரொக்கத்தைக் கண்டுபிடித்த சுப்பாராவ்



லிஃப்ட் ஓடாத நாளில் தண்ணீர் கேனோடு மாடி ஏறியிருப்பீர்கள். அதற்கான சக்தி உடம்பில் எந்த ரூபத்தில் இருந்தது? இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்தில் படித்தவர். வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்து சென்ட்ரல். அதன் எதிரே இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரிதான் அது. பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முறைதான் தேறினார் (மார்க் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் கவனிக்க). சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததில் அறுவை சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. 1922-ல் மனைவியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டன் போனவர் திரும்பி வரவே இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

1925-ல் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அளக்க வழி கிடைத்ததும் தசையில் 1927-ல் பாஸ்போகிரியாட்டின், 1929-ல் ஏ.டி.பி. அகப்பட்டன. அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் ஏ.டி.பி.யைக் கண்டார். அதுவரை தசை இயங்க லாக்டிக் அமிலமே காரணம் என்று நினைத்திருந்தார்கள்.

ஏ.டி.எம். என்று படித்துவிடாதீர்கள், ஆனாலும் வேலை ஏறக்குறைய அதுதான். வங்கியில் இருந்தவன் பாஷையில் சொல்கிறேன். கொழுப்பு ஃபிக்சட் டெபாசிட். கிளைகோஜன் சேவிங்ஸ் கணக்கு. டெபாசிட் ரசீதை நீட்டிக் கத்தரிக்காய் வாங்க முடியாதே! செல்லுக்கு ரொக்கம் ஏ.டி.பி.தான். அதில் மூன்று பாஸ்பேட் கோத்திருக்கும். கடைசி பாஸ்பேட் கழலும்போது சக்தி கைமாறும், தசை சுருங்கும். பிறகு நாம் சாப்பிட்ட சோற்றின் சக்தியால் பாஸ்பேட் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கையிருப்பு சொற்பம்தான். ஆனால் திரும்பத் திரும்பப் புழங்குவதால் ஒரு நாள் புழக்கம் நம் உடல் எடையையே எட்டும் என்கிறார்கள். ஓடிப்போய் பஸ் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு பாஸ்போகிரியாட்டின் கைமாற்றுக் கொடுக்கும்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. எனக்கு இது இன்றும் ஆறவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது. கர்ப்பிணிகளுக்கு இன்று கொடுப்பதும் அதுவே. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் அவர் குழு தந்ததுதான். கேப்டன் காட்டன் கால்வாய்க் கொசுவோடு வாழும் நமக்கு அதன் அருமை தெரியும்.

1948 ஆகஸ்ட் 8 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 53. இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995-ல்.

உங்கள் பிள்ளைகளின் உயிரியல் புத்தகத்தில் ஏ.டி.பி. பாடத்தில் இவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சங்க அலுவலகத்தில் எனக்குச் சொல்லுங்கள்.